இந்த வாரம் முழுக்க மூக்கு

போன இதழில் ஒரு வாசகி, தன் மகளுக்கு மூக்கு குத்திய அன்று மகள் சிரித்துக்கொண்டிருக்கத் தான் மயங்கி விழுந்ததாக நாலு வரி எழுதியிருந்தார். அதைப் போட்டாலும் போட்டோம், பத்து நாளாகக் கடிதமும் வாட்ஸ்அப் குரல் பதிவுமாக வந்து குவிகிறது. பாதிப் பேர் 15லிருந்து 19 வயதுக்குள். மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். அதனால் இந்த வாரம் மாமியார் தகராறு, வீட்டுக் கடன் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் இல்லை. தோல் மருத்துவராக இருக்கும் தோழி ஒருத்தியையும், பதினைந்து வருடமாக மூக்கு குத்தும் தம்பி ஒருவரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நடுவில் என் சொந்த மூக்கின் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எனக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறேன். காது குத்தியது கைக்குழந்தையாக இருக்கும்போது, எதுவும் நினைவில்லை. இப்போது நானாகக் கேட்டு மூக்கு குத்திக்கொள்ளப் போகிறேன். அம்மா சரி என்றுவிட்டார். அப்பா, "நீட் முடியட்டும்" என்கிறார். தோழி ஒருத்தி கன் ஷாட்டில் குத்தினாள், ரெண்டு செகண்டுதான் என்கிறாள். பொங்கல் லீவில் குத்தலாமா? ரொம்ப வலிக்குமா? எங்கே குத்துவது? – பெயர் வேண்டாம், நாமக்கல்.

அப்பா என்ன நினைத்துச் சொன்னாரோ தெரியாது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி. படிப்பு கெட்டுவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. நீட் தேர்வுக்கூட வாசலில் தோடு, மூக்குத்தி, சங்கிலி எதையும் போட்டுக்கொண்டு உள்ளே போகவிட மாட்டார்கள். வருடா வருடம் செய்தியில் பார்க்கிறோமே, வாசலில் நின்று அம்மாக்கள் மூக்குத்தித் திருகைக் கழற்ற முடியாமல் தவிப்பதை. நீ ஜனவரியில் குத்தினால் மே மாதத் தேர்வன்று மூக்குக்கு நாலு மாதம்கூட ஆகியிருக்காது. வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டு, சோதனை, காத்திருப்பு, மூன்று மணி நேரப் பரீட்சை எல்லாம் முடித்து வெளியே வரும்போது ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குள் பச்சை ஓட்டை உட்பக்கமாகச் சுருங்கத் தொடங்கிவிடும். திரும்பத் திணித்தால் புண், திணிக்காவிட்டால் தூர்ந்துபோகும். தேர்வு முடிந்த மறுநாள் குத்திக்கொள். கல்லூரி திறப்பதற்குள் பாதிக் கிணறு தாண்டியிருப்பாய்.

இப்படி நான் நாள் கணக்குப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. குத்துவது உன் தோழி சொன்ன மாதிரி ரெண்டு நொடி வேலைதான். அதற்கப்புறம் அந்தப் புண்ணோடு குடித்தனம் நடத்துவதுதான் பாடு. காதின் கீழ் மடல் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மூக்கு மடல் அப்படியில்லை, நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் போகும். ஒரு மாதத்தில் வெளியே பார்க்க எல்லாம் சரியான மாதிரி தெரியும். அதை நம்பித்தான் பாதிப் பேர் கழற்றி வேறு மூக்குத்தி மாட்டிப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். உள்ளே ஓட்டையைச் சுற்றிப் புதுத் தோல் வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல வளர்ந்து ஒரு குழாய் மாதிரி ஆக வேண்டும், அதற்குத்தான் அவ்வளவு காலம்.

வலி? சுருக்கென்று ஒன்று. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வரும், குத்தும் பக்கத்துக் கண்ணில்தான் அதிகம். அழுகிறோமே என்று வெட்கப்படாதே, மூக்கில் ஒரு முடியைப் பிடுங்கினாலும் அப்படித்தான் வரும். அடுத்து ஒரு தும்மல் வரலாம். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றோடு போனவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள் என்று அந்தத் தம்பி சொன்னார், போன இதழ் அம்மாவும் அன்றைக்கு விரதமாம்.

எனக்குக் குத்தியபோது 13 வயது. ஆசாரி பட்டறையில் மரப்பலகையில் உட்காரவைத்து, பாட்டி பின்னாலிருந்து தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் தங்கக் கம்பியின் நுனியைக் கல்லில் தேய்த்துக் கூராக்கியதை இப்போதும் காதில் கேட்க முடிகிறது, கரக் கரக் என்று. உமிக்கரி வாசனை. "அந்தக் காக்காயைப் பாரு" என்றார், பார்த்தேன், குத்திவிட்டார், கம்பியை உள்ளே வளைத்தும் விட்டார். நாலாம் நாள் மூக்கு தக்காளி மாதிரி வீங்கியது. பாட்டி முதலில் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டாள். அடங்கவில்லை என்றதும் வரப்போரத்தில் முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு விட்டாள். எங்கள் ஊரில் அதற்கு மூக்குத்திப்பூ என்றே ஒரு பெயர் உண்டு, அதனால் மூக்குக்கு ஆகும் என்று அவளுடைய கணக்கு. கடைசியில் ஊர் நர்சு வந்து சீழை எடுத்து ஊசி போட்டுவிட்டுப் போனார். ஆசாரிகளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. இடம் பார்த்துக் குத்துவதில் அவர்கள் கையை யாரும் அடிக்க முடியாது. ஆனால் பட்டறையில் ஒரே கம்பி, ஒரே குறடு, எத்தனை மூக்கு, எத்தனை காது? மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ரத்தத்தின் வழியாகத் தொற்றுபவை, சுத்தம் செய்யாத ஊசிக்கு இதெல்லாம் சாத்தியம்தான்.

உன் தோழியின் கன் விஷயத்துக்கு வருகிறேன். அதில் ஊசியே கிடையாது. நுனி கொஞ்சம் கூராக இருக்கும் தோட்டையே ஸ்பிரிங் வேகத்தில் அடித்துத் தோலைக் கிழித்து இறக்குவார்கள். காதின் கீழ் மடலில் வெறும் சதை, அது தாங்கிக்கொள்ளும். மூக்கு அப்படியில்லை, நசுங்கிப் புண் பெரிதாகும். அந்தத் தோட்டின் தண்டும் குட்டை, பின்னால் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு பூட்டு. மறுநாள் வீங்கினால் தண்டுக்கு இடமே இருக்காது, பூட்டு உள்ளே அமுங்கி அழுக்கைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். இதையெல்லாம்விட, அந்தத் துப்பாக்கியின் உடம்பு பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆட்டோகிளேவ் என்று ஒன்று இருக்கிறது, நம் குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள், 121 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு கால் மணி நேரமாவது வைத்தால்தான் கிருமி சாகும். பிளாஸ்டிக்கை அதில் வைத்தால் உருகிவிடும். அதனால் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை, அடுத்த ஆள்.

ஆகவே ஊசி. உள்ளே துளையுள்ள, ஒரே தடவை பயன்படுத்தும் ஊசி. அதை உன் கண் முன்னால் உறை கிழித்து எடுக்க வேண்டும். கையுறை புதிதாக இருக்க வேண்டும், அதைப் போட்டுக்கொண்டே அவர் போனை எடுத்துப் பேசினால் மாற்றச் சொல். தயங்காதே, உன் மூக்கு, உன் காசு. தோல் மருத்துவமனைகள் சிலவற்றிலும் குத்துகிறார்கள், காசு கொஞ்சம் கூட ஆகும். பச்சை குத்தும் ஸ்டுடியோக்களில் தேர்ந்த கைகள் உண்டு, ஆனால் 18 வயதுக்குக் கீழே என்றால் அம்மாவோ அப்பாவோ கூட வந்தால்தான் குத்துவேன் என்று சொல்லும் ஸ்டுடியோவுக்குப் போ. வயதே கேட்காத இடம் வேறு எதையும் கேட்டிருக்காது.

இடத்தைப் பேனாவால் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லி, நேராக உட்கார்ந்து, கண்ணாடியில் நீயே பார். சிரித்துப் பார், ஏனென்றால் சிரித்தால் மூக்கு மடல் அகலும், புள்ளி இடம் மாறித் தெரியும். மூன்று தடவை அழித்து வைக்கச் சொன்னாலும் தப்பில்லை. மூக்கு குத்தி வருத்தப்படுகிறவர்களில் நான் பார்த்தவரை வலிக்காக வருத்தப்பட்டவர் யாருமில்லை, அரை சென்டிமீட்டர் கீழே போய்விட்டதே என்றுதான் புலம்புகிறார்கள். வலமா இடமா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நம் பக்கத்தில் பெரும்பாலும் வலது, வடக்கே இடது, எம்.எஸ். சுப்புலட்சுமி மாதிரி இரண்டு பக்கமும் வைரம் மின்ன வேண்டுமென்றால் அதற்கு முதலில் ஒன்று ஆறட்டும்.

முதல் மூக்குத்தி என்னவாக இருக்கலாம்? கவரிங் வேண்டவே வேண்டாம். கவரிங்கிலும் ஃபேன்சி ஸ்டோர் உருப்படிகளிலும் நிக்கல் கலந்திருக்கும், அது பலருக்குச் சேராது. அரிப்பு, சிறு சிறு நீர்க்கொப்புளம் என்று ஆரம்பித்தால் அநேகமாக அதுதான். டைட்டானியம் சிறந்தது. தங்கம் என்றால் 18 கேரட்டோ 22 கேரட்டோ போடலாம். 916 என்று முத்திரை போட்ட 22 கேரட் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், கீறல் விழும், ஆனால் உடம்புக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வெள்ளைத் தங்கம் என்று விற்பதில் நிக்கல் இருக்கக்கூடும், கேட்டு வாங்கு. பாட்டியின் எட்டுக்கல் பேசரி பெட்டிக்குள் காத்திருக்கிறதென்றால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கட்டும், அதன் திருகுத் தண்டு தடிமன், புதுப் புண்ணுக்கு ஆகாது.

பிறகு பராமரிப்பு. மெடிக்கல் ஷாப்பில் நார்மல் சலைன் என்று கேள், 0.9 சதவீத உப்புத் தண்ணீர், நூறு மில்லி பாட்டில் விலை குறைவுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காஸ் துணியை நனைத்து உள்ளேயும் வெளியேயும் ஒற்றி, பொருக்கு ஊறியதும் மெல்லத் துடைத்து எடு, காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை. பஞ்சு வேண்டாம், நூல் மாட்டும். திறந்த பாட்டிலை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளாதே. அவ்வளவுதான் மருந்து. டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் புதிதாக முளைக்கும் தோலையும் சேர்த்துப் பொசுக்கும். அடுப்படி மஞ்சள்தூள் ஓட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே கசியும் நீரை வெளியே விடாது, என் பாட்டி செய்ததும் அதைத்தான். "தினமும் சுத்தி விடணும், இல்லாட்டி ஒட்டிக்கும்" என்று யாராவது சொல்வார்கள், அதையும் கேட்காதே. சுற்றினால் காய்ந்த பொருக்கு புண்ணுக்குள் போய்க் கிழிக்கும். பவுடர், கிரீம் எல்லாம் மூக்கை விட்டுச் சுற்றிலும் போட்டுக்கொள். தலையணை உறையை வாரம் இரண்டு தடவை மாற்று. அப்புறம் துண்டு! நூல் சுருள் சுருளாக இருக்கும் துண்டால் முகத்தைத் துடைக்காதே, ஒரு சுருள் மாட்டினால் போதும், குத்தியபோது வராத வலியெல்லாம் அப்போது வரும். பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்று கிழித்து வைத்துக்கொள்.

இன்னும் இரண்டு விஷயம். பருவுக்காக ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுகிறாயா? உன் வயதில் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள், புண் ஆறுவதை அது தாமதப்படுத்தும், மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்காமல் குத்தாதே. இதய வால்வில் பிரச்சினை, சர்க்கரை, ரத்தம் உறையாத கோளாறு, வீட்டில் யாருக்காவது தழும்பு தடித்துப் பெரிதாக வளரும் வழக்கம், இதில் எது இருந்தாலும் அப்படியே. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் 10 வயதுக்கும் 16 வயதுக்கும் டெட்டனஸ் ஊசி உண்டு, அந்த 16 வயது ஊசி போட்டதா என்று அம்மாவிடம் கேள், விட்டுப்போயிருந்தால் போட்டுக்கொண்டு போ.

மேடம், என் மகளுக்கு 15 வயது. வயசுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மூக்கு குத்த மாட்டேன் என்று பிடிவாதம். என் மாமியார், மூக்கு குத்தினால்தான் கர்ப்பப்பை நோய் வராது, பிரசவம் சுலபமாகும், இது ஆதிகாலத்திலிருந்து வரும் வழக்கம் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? – ஒரு தாய், மன்னார்குடி.

சம்மதிக்க வைக்காதீர்கள். மூக்கு நரம்புக்கும் கர்ப்பப்பைக்கும் முடிச்சுப் போடும் இந்தக் கதைக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. மூக்கு குத்தாத பெண்கள் உலகம் முழுக்கப் பிள்ளை பெறுகிறார்கள்.

ஆதிகாலம் என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் கூப்பிடு தூரம். மாமியாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு அரண்மனைக் கலைக்கூடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் வரிசையாக நிற்கும். பார்வதிக்குக் காதில் குழை, கழுத்தில் அடுக்கடுக்காக ஆரம், தோளில் வளை, இடுப்பில் மேகலை, காலில் சிலம்பு, மூக்கு மட்டும் வெறும் மூக்கு. இந்தியா முழுக்கவே பழைய சிற்பங்களில் மூக்கணி கிடையாது, நமக்கு அது பின்னால் வந்து சேர்ந்த நகை. வந்த பிறகு நன்றாகவே ஒட்டிக்கொண்டது, கன்னியாகுமரி பகவதி அம்மனின் மூக்குத்தி வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கமென்று நினைத்துக் கப்பல்கள் கரைக்கு வந்துவிட்டன என்று கதை சொல்லும் அளவுக்கு. எனக்கும் மூக்குத்தி பிடிக்கும், இரண்டாவது தடவை காசு கொடுத்துக் குத்திக்கொண்டவள் நான். ஆனால் ஆறு மாதம் புண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் உங்கள் மகள். வேண்டாம் என்கிற பிள்ளை சலைன் வைத்துத் துடைப்பாள் என்று நினைக்கிறீர்களா? விசேஷத்துக்கு வேண்டுமானால் குத்தாமல் மாட்டும் ப்ரெஸ்ஸிங் மூக்குத்தி கடைகளில் கிடைக்கிறது. அதையும் அவள் போட்டுக்கொள்கிறேன் என்றால் மட்டும்.

அக்கா, குத்தி ஏழு வாரம். மூக்குத்திக்குப் பக்கத்தில் சிவப்பாக, ஈரமாக, மிளகு அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் ரத்தம் வருகிறது. நெட்டில் பார்த்தால் கெலாய்டு என்கிறது. பார்லர் அக்கா டூத்பேஸ்ட் போடச் சொன்னார். பயமாக இருக்கிறது. – 19 வயது, ஈரோடு.

டூத்பேஸ்ட் பல்லுக்கு.

ஏழாவது வாரத்தில் ஈரமாக, தொட்டால் ரத்தம் வரும் சின்னக் கட்டி பெரும்பாலும் கெலாய்டாக இருக்காது. கெலாய்டு என்பது தடித்து வளரும் தழும்பு, அது மெதுவாக வரும், மாதங்கள் கழித்து, கெட்டியாக, வழுவழுப்பாக, குத்திய ஓட்டையின் எல்லையைத் தாண்டிப் படர்ந்துகொண்டே போகும். நம் மாதிரிக் கறுத்த தோலுக்கும் உன் மாதிரி இளவயதுக்கும் அது வரும் வாய்ப்பு கூடுதல்தான், இல்லை என்று சொல்லவில்லை. உனக்கு வந்திருப்பது உரசலால் வரும் சதை வளர்ச்சி மாதிரித் தெரிகிறது, உடம்பு புண்ணை ஆற்றுகிறேன் என்று கொஞ்சம் அதிகமாகவே சதையை அனுப்பிவிடுகிறது. மூக்குத்தி ஆடுகிறதா, தண்டு ரொம்ப நீளமா, வளையம் மாட்டினாயா, அந்தப் பக்கமே ஒருக்களித்துப் படுக்கிறாயா, சுற்றிச் சுற்றி விடுகிறாயா என்று யோசித்துப் பார். இதில் ஒன்றுக்கு ஆமாம் என்பாய். காரணத்தை நிறுத்தினால் சில வாரங்களில் தானே வற்றிப்போவது உண்டு. கிள்ளாதே, நூல் கட்டாதே, சுண்ணாம்பு வைக்காதே. மூன்று நாலு வாரத்தில் குறையவில்லை என்றாலோ வளர்ந்தாலோ தோல் டாக்டரிடம் காட்டு, எப்படியும் அவர் ஒரு தடவை பார்ப்பது நல்லது, நான் கடிதத்தைத்தானே பார்க்கிறேன்.

மஞ்சளோ பச்சையோ கலந்த கெட்டியான சீழ், நாற்றம், மூக்கு சூடாகத் தெறிப்பது, இப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டர். சிவப்பு கன்னத்துக்கோ கண்ணுக்கோ படர்ந்தால், காய்ச்சல் வந்தால், இரவானாலும் ஆஸ்பத்திரி. மூக்கைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களுக்கு மூளைப் பக்கம் வழி இருக்கிறது, அபூர்வம்தான், ஆனால் முகத்தில் வரும் தொற்றை டாக்டர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்று, சீழ் வந்துவிட்டது என்று நீயாக மூக்குத்தியைக் கழற்றாதே. ஓட்டை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிக் கட்டியாகும். கழற்றலாமா என்று டாக்டர் சொல்லட்டும். வெளிறிய நிறத்தில் தண்ணியாகக் கசிந்து பொருக்காகக் காய்வது சீழ் இல்லை, முதல் சில வாரங்கள் அது எல்லோருக்கும் வரும்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். காலாண்டு லீவில் மூக்கு குத்தினேன். பள்ளி திறந்ததும் கழற்றிவிட்டு வா என்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா, பாட்டி, அத்தை எல்லோரும் போட்டிருப்பது. இது நியாயமா? – திண்டுக்கல் மாவட்டம்.

கேட்காமல் குத்தியது உன் தப்பு. இப்போது கழற்றச் சொல்வது அவர்கள் தப்பு, ஏனென்றால் பச்சைப் புண். அம்மாவை ஒரு கடிதம் எழுதித்தரச் சொல், ஆறும் வரை இருக்கட்டும், ஒற்றைக்கல், மின்னாதது, ஆறிய பிறகு பேசிக்கொள்வோம் என்று. முடிந்தால் டாக்டரிடம் ஒரு வரி வாங்கி இணைத்துவிடு. பெரும்பாலும் இதற்கு மேல் யாரும் இழுக்க மாட்டார்கள்.

இழுத்த கதை ஒன்று உண்டு, அது தென்னாப்பிரிக்காவில் நடந்தது. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த, தென்னிந்திய வம்சாவளிப் பெண் ஒருத்தி 2004இல் லீவு முடிந்து தங்க மூக்குத்தியோடு வந்தாள், உன்னை மாதிரியே. புண் ஆறும் வரை போட்டுக்கொள், அப்புறம் கழற்று என்றது பள்ளி. ஆறிய பிறகும் அவள் கழற்றவில்லை. இது எங்கள் குடும்ப வழக்கம், பெண் பெரியவளானதற்கு அடையாளம், 16 வயதில் பாட்டி இதை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவாள் என்று அவளுடைய அம்மா வாதாடினார். வழக்கு முதல் நீதிமன்றத்தில் தோற்று, மேல் நீதிமன்றத்தில் ஜெயித்து, நாட்டின் உச்சபட்சமான அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2007 அக்டோபரில் தீர்ப்பு. அந்தக் குடும்பத்தின் பெயர் பிள்ளை, அதனால் பிள்ளை வழக்கு என்று இன்றைக்கும் அங்கே சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். மூக்குத்தி மதக் கட்டாயமா, தானாக விரும்பிப் போடுவதா என்பதை வைத்து அதன் மதிப்பைக் குறைக்க முடியாது, விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு, விதிவிலக்கு மறுத்தது பாகுபாடு என்று சொல்லிவிட்டார்கள். அதற்குள் அந்தப் பெண் பள்ளியை முடித்தே போய்விட்டாள்!

நம் ஊருக்கு அந்தத் தீர்ப்பு செல்லாது. அதைப் போய்த் தலைமையாசிரியரிடம் படித்துக்காட்டாதே. ஆனால் உன் அம்மாவின் கடிதத்தில் "எங்கள் வீட்டு வழக்கம்" என்ற மூன்று வார்த்தை இருக்கட்டும்.

எனக்கு வயது 19, ஆண், சென்னை. புருவத்தில் குத்தலாம் என்று ஆசை. மூக்கைவிட வலி கம்மி என்கிறார்கள். பைக்கில்தான் காலேஜ் போகிறேன். வீட்டில் சொல்லவில்லை.

வலி கம்மியாக இருக்கலாம் தம்பி. ஆனால் புருவத்தில் குத்துவது தோலுக்கு மேலாக ஓடும் குத்து, மூக்கு மாதிரி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதில்லை. உடம்பு அதை முள் தைத்த மாதிரி நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். இன்றைக்கு உள்ளே இருக்கும் கம்பி ஒரு வருடத்தில் தோலின் மேல்மட்டத்துக்கு வந்து நிற்பது சகஜம். அப்படி வந்தால் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்த இடத்தில் தழும்பு நிற்கும், புருவ முடி முளைக்காது. அதையும் ஸ்டைல் என்று வைத்துக்கொள்வேன் என்றால் சரி.

உன் பிரச்சினை ஹெல்மெட். முழு முகத்தை மூடும் ஹெல்மெட்டை மாட்டும்போது எங்கே உரசிக்கொண்டு இறங்குகிறது என்று நாளைக்குக் காலையில் கவனித்துப் பார். தினமும் போக இரண்டு, வர இரண்டு, மாட்டிக் கழற்றி ஆக வேண்டும், சென்னை வெயிலில் வியர்வையோடு. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிடலாம் என்று யோசிக்காதே, கம்பிக்காக மண்டையை விடுவதா? உதடு, நாக்கு என்று அடுத்த ஆசை வந்தால் அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், உலோகம் பல்லிலும் ஈறிலும் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும், பல் முனை உடையும், ஈறு கீழே இறங்கும், இறங்கிய ஈறு தானாகத் திரும்ப ஏறாது.

நீ ரத்ததானம் செய்கிறவனா? குத்திய பிறகு ஓராண்டு எடுக்க மாட்டார்கள், கேட்டால் மறைக்காமல் சொல்.

வீட்டில் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் வழி இல்லை. காதோரம் என்றால் முடியை இறக்கிவிட்டு மறைக்கலாம். நடு முகத்தில் மாட்டிக்கொண்டு இட்லிக்கு எதிரே உட்கார்ந்து எப்படி மறைப்பாய்?

அக்கா அவசரம். குத்திப் பதினோரு நாள். இப்போது தும்மியதில் மூக்குத்தி தெறித்து வாஷ்பேசின் பக்கம் விழுந்து, தேடி எடுத்துவிட்டேன். இரவு பத்து மணி. கடை மூடியிருக்கும். என்ன செய்ய? – குரல் பதிவு, தூத்துக்குடி.

இதற்கு அன்றைக்கு இரவே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே போடுகிறேன்.

பதினோரு நாள் ஓட்டை விடியும் வரை காத்திருக்காது. மூக்குத்தியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்டு எவர்சில்வராகவோ தங்கமாகவோ இருந்தால் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, நன்றாக ஆறிய பிறகு எடுங்கள். கல் ஒட்டவைத்த ரகமாக இருந்தால் கொதிக்கவைக்காமல் சலைனில் கழுவுங்கள், கல் கழன்றுவிடும். கை கழுவிவிட்டு, மூக்கைச் சலைனில் ஒற்றி ஈரமாக்கி, நல்ல வெளிச்சத்தில், வாஷ்பேசின் ஓட்டையை முதலில் துணியால் அடைத்துவிட்டு, வெளியிலிருந்து மெல்ல விட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு விரல் வைத்துக்கொண்டால் நுனி வருவது தெரியும். வழுக்கிக்கொண்டு போனால் போட்டுவிடுங்கள். முட்டினால், இரண்டு தடவைக்கு மேல் முயற்சி வேண்டாம், புதுப் பாதை போட்டுவிடுவீர்கள். காலையில் குத்திய இடத்துக்கே போங்கள், சன்னமான கூம்புக் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள், மூடத் தொடங்கிய ஓட்டையைக் கிழிக்காமல் திறந்து மாட்டிவிடுவார்கள். துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒடித்துச் செருகும் பழைய வைத்தியம் மட்டும் கூடாது. ஆறிய மூக்கில் எங்கள் அம்மாக்கள் செய்தது அது.

நானும் ஒரு தடவை விட்டவள்தான். கல்லூரி விடுதியில் ஜலதோஷம் என்று கழற்றிச் சோப்பு டப்பாவில் வைத்தேன். டப்பாவை யாரோ கழுவி வைத்துவிட்டார்கள். ஊரிலிருந்து மணியார்டர் வந்து வேறு வாங்குவதற்குள் மூக்கு தூர்ந்தே போயிற்று. மறுபடி குத்தியது 31 வயதில்.

தூத்துக்குடிப் பெண்ணுக்கு மூன்றாவது முயற்சியில் போய்விட்டதாம். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னேனே என்றால், "நீங்க அனுப்புறதுக்குள்ள போட்டுட்டேன்க்கா" என்கிறாள்.